தள்ள ஆள் வேண்டாத வண்டி

அக்கா வேன் வாங்கக் கிளம்பியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். பின்னால் நின்று தள்ள ஆள் தேவைப்படக் கூடாது.

“சேறோ, மணலோ, ஏத்தமோ. நான் ஒருத்தி உள்ள உட்கார்ந்து மிதிச்சா வண்டி வெளிய வரணும். அவ்வளவுதான்டா.”

படுக்கை, அடுப்பு வைக்கப் பலகை, கூரைக்கு ஏணி, இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். முதலில் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும்.

காரணம் எனக்குத் தெரியும். அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மலைக்கும் காட்டுக்கும் அழைத்துப் போகிறவர். கூடாரம் அடிக்க, கயிற்றில் இறங்க, அடிபட்டால் கட்டுப்போடக் கற்றுக்கொடுப்பார். பிள்ளைகள் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். விடுமுறை வந்தால் அக்காவை ஏற்றிக்கொண்டு தன் பழைய வேனில் காட்டுக்குக் கிளம்புவார். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. ஒவ்வொரு பயணத்திலும் எங்காவது புதையும். அக்கா ஸ்டியரிங்கில் உட்காருவாள். அத்தான் பின்னால் நின்று தள்ளுவார். சக்கரம் சுழன்று சேற்றை அவர் முகத்தில் வாரி அடிக்கும். வண்டி ஏறிவிட்டால் சிரிப்பார். ஏறாவிட்டால் சுற்றிக்கொண்டு முன்னால் வருவார், கதவைத் திறப்பார், அடிப்பார்.

“கிளட்ச்ச மெதுவா விடுன்னு எத்தனை தடவை சொல்றது?”

அடிக்கும்போதும் அவர் குரல் உயராது. காட்டில் உயர்த்தத் தேவையும் இல்லை.

ஒருமுறை கூடார முளையால் அடித்தார். ஒருமுறை அவள் கை வெளியே இருக்கும்போதே வேன் கதவைச் சாத்தினார். இரண்டு விரல் ஒடிந்தது. அவரே குச்சி சீவி, துணி சுற்றி, கட்டுப்போட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கட்டைப் பார்த்துப் பாராட்டினார். விரல் மட்டும் கோணலாகவே கூடியது.

அக்காவுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. மேல்வரிசையில் இரண்டு பல் அவளே செய்துகொண்டது. “கலர் ஒத்துப்போச்சு, பாத்தியா?” என்று ஒரு தடவை வாயைத் திறந்து காட்டினாள். நான் பார்க்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவரை ‘அவன்’ என்றுதான் சொல்கிறாள். எனக்கு அது வாயில் வரவில்லை. அத்தான் வந்தார், அத்தான் அடித்தார் என்றே வருகிறது.

ஆறு மாதம் லேபும் வீடுமாக இருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “காட்டுக்குப் போகணும்” என்றாள்.

“இன்னும் ஆசை விடலையா உனக்கு?”

“காடு என்னடா பண்ணிச்சு? அடிச்சது அவன்.”

எனக்கு வீல் அலைன்மென்ட் கடையில் வேலை. வண்டி பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நாலு சக்கரமும் இழுக்கிற புது வேன் என்றால் நாங்கள் இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பத்து வருஷம் உழைக்க வேண்டும். பழையதுதான் தோது. பழையதிலும் நல்லது பாதி, நாடகம் பாதி.

முதல் வண்டி வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே மிதியடியைத் தூக்கினேன். கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனது.

இரண்டாவது வண்டியின் பின்கதவில் ஃபோர் வீல் டிரைவ் என்று பெரிய எழுத்து இருந்தது. படுத்துப் பார்த்தேன். முன்னாலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டையே காணோம். அது கெட்டுப்போனால் சரிசெய்யச் செலவு அதிகம். கழற்றி எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் விட்டுவிடுவார்கள்.

“பின்னால எழுதியிருக்கே சார்” என்றார் விற்க வந்தவர்.

“புலின்னு எழுதி ஒட்டினா பூனை உறுமிடுமா?” என்றாள் அக்கா.

மூன்றாவது வண்டி கியாரண்டி யார்டில் நின்றது. யார்டு முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எதைக் கேட்டாலும் கியாரண்டி என்பார். எழுதித் தரச் சொன்னால் மட்டும் பேனா இருக்காது. யார்டில் பாதி இடம் வண்டி விற்பதற்கு. மறுபாதி வண்டி உடைப்பதற்கு. இந்தப் பக்கம் பேரம் பேசினால் அந்தப் பக்கம் சம்மட்டி விழும். கண்ணாடி நொறுங்கும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் பேசிக்கொள்ள வேண்டும்.

வெள்ளை வேன். உயரமானது. நில அளவையாளர்களை மலைமேல் ஏற்றி இறக்கிய வண்டி. ஷாஃப்ட் இருந்தது. நாலு டயரும் ஒரே கம்பெனி, தரையைப் பிடிக்கிற பட்டன் ஒரே அளவு தேய்ந்திருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் நடுவில் இருக்கிற இணைப்பு சூடாகி வெந்துபோகும். இதில் அந்தக் குறை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் இறங்கி ஏறியது. ரோட்டில் வேகமாகப் போய் பிரேக்கை மிதித்தேன். வண்டி இடது பக்கம் பாய்ந்து சாக்கடை ஓரம் போய் நின்றது. வலது பக்கத்து பிரேக் பிடிக்கவே இல்லை. சட்டமும் வளைந்திருக்கலாம்.

கடைக்குத் திரும்பி அக்காவுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

“எப்படிடா இருக்கு?”

“இழுக்குதுக்கா.”

“நெஜமாவா?”

“ஆமா. நல்லாவே இழுக்குது.”

“சரி, நான் பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

எங்கள் கடையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். காலையிலிருந்து மாலைவரை அதைத்தான் கேட்கிறேன். அண்ணே, வண்டி லெஃப்ட்ல இழுக்குது. அண்ணே, பிரேக் போட்டா இழுக்குது. அக்காவுக்கும் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். சேற்றிலிருந்து இழுக்குமா, இழுக்காதா.

அன்று எனக்குக் கடையில் ராத்திரி வேலை. மறுநாள் காலை போனில் யார்டுக்கு வரச் சொன்னாள். வேறு வண்டி பார்க்கத்தான் என்று போனேன். அக்கா வெள்ளை வேனின் மூக்கைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

“என் வண்டி” என்றாள்.

“எது உன் வண்டி?”

“இதுதான். நேத்து நீ போன் பண்ணினதுமே ஓடிவந்து அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.”

“நான்தான் இழுக்குதுன்னு சொன்னேனே!”

“அதனாலதான்டா கொடுத்தேன்.”

“ஐயோ, இழுக்குதுன்னா வேணாம்னு அர்த்தம்.”

“எந்த ஊர்ல?”

“எங்க கடையில! பிரேக் போட்டா லெஃப்ட்ல போய் விழுது. அதத்தான் இழுக்குதுன்னு சொன்னேன்.”

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஏழு மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“ஒரு வார்த்தைக்கு மேல பேசினா உனக்கு வாய் சுளுக்கிக்குமா?”

“நீ போனை வெச்சுட்ட.”

“நல்லாவே இழுக்குதுன்னு வேற சொல்றான். நல்லாவேவாம்.”

கியாரண்டி டீ கிளாஸோடு வந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

“இழுக்குதா? என் வண்டியா? கோடு கிழிச்ச மாதிரி நேரா போகும் தங்கச்சி. கியாரண்டி.”

“அட்வான்ஸ இன்னொரு வண்டிக்கு மாத்திக்கங்க. அந்த வரிசையில ஒண்ணு பாத்துக்கறேன்.”

“மாத்தலாம், மாத்தலாம். அவசரம் எதுக்கு? சார் வந்துடட்டும்.”

“எந்த சார்?”

“உங்க வீட்டுக்காரர்தான். அட்வான்ஸுக்கு நீங்க காட்டின கார்டுல அவர் பேரைப் பாத்தேன். பழைய வேன் என்கிட்ட வாங்கினவராச்சே. நம்பர் இருந்துச்சு. நேத்தே ஒரு வார்த்தை போன்ல சொல்லிட்டேன். பொம்பளை தனியா வந்து வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனா, நாளைக்கு வீட்டுல சண்டை வந்துடக் கூடாதில்ல? நல்லதுக்குத்தான்.”

உடைக்கும் பக்கத்தில் ஒரு கண்ணாடி நொறுங்கியது. அக்காவின் கை தானாக மேலே போய்க் காதை மூடிக்கொண்டது.

“எப்ப வர்றான்?”

“பத்து மணிக்குன்னு சொன்னார்.”

பத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

“வாக்கா, போயிடலாம்” என்றேன்.

“எங்க போறது? இன்னைக்கு ஓடினா நாளைக்கு லேபுக்கு வருவான். நாளன்னைக்கு உன் கடைக்கு வருவான்.”

“அதுக்காக இங்கயே நிக்கறதா?”

அவள் யார்டின் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. வண்டியின் பலத்தைக் காட்ட கியாரண்டியே வெட்டி வைத்தது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறலாம். வாடிக்கையாளர் வந்தால் குழாயைத் திறந்து சேறாக்குவார். இறங்கும் பக்கத்துப் பின்கரையில், வண்டி திரும்ப இடம் விட்டு, உடைத்த லாரியின் அச்சு ஒன்று குறுக்கே கிடந்தது.

“தண்ணி விடுங்க. இறக்கிப் பாக்கணும்” என்றாள்.

“இதுதான் வேணாங்கறீங்களே தங்கச்சி.”

“ஏறுதான்னு என் கண்ணால பாக்கணும். அவன் வர்றதுக்குள்ள.”

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் நகர்த்தினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கியாரண்டி குழாயைத் திறந்தார். பள்ளம் குழம்பாகியது. வேன் மெதுவாக இறங்கியது. அடியில் போய் நின்றது. சேறு சக்கரத்தின் பாதிவரை இருந்தது.

அப்போது அத்தான் வந்தார்.

பத்து மணி ஆகவில்லை. அவர் எப்போதும் சீக்கிரம் வருவார். துவைத்துத் தேய்த்த சட்டை, மலையேறும் ஷூ. கியாரண்டிக்குக் கைகொடுத்தார். என் தோளில் தட்டினார்.

“என்ன மச்சான், இளைச்சுட்ட?”

பள்ளத்தில் இறங்கினார். சேற்றைப் பார்த்து அவர் தயங்கவில்லை. ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“நல்ல வண்டியா பாத்திருக்கம்மா. இறங்கு. வீட்டுல போய்ப் பேசலாம்.”

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

“இறங்கும்மா.”

அவள் பார்க்கவில்லை. அத்தான் ஸ்டியரிங்கிலிருந்து அவள் விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தார். கோணலான இரண்டையும் முதலில் பிரித்தார். எதிர்ப்பக்கம் மடக்கினார். அக்கா கத்தினாள். அவர் இடது கையால் அவள் முடியைச் சுற்றிப் பிடித்து, தலையைக் கதவின் சட்டத்தில் மோதினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது மோதலில் நெற்றி கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

“எல்லாரும் பாக்கறாங்க. இறங்கு.”

நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பிடித்தேன். அவர் முழங்கை என் வயிற்றில் இறங்கியது. மூச்சு நின்றது. சேற்றில் உட்கார்ந்தேன். அவர் சுற்றிப் பார்த்தார். கரையில் ஒரு வீல் ஸ்பேனர் கிடந்தது. எடுத்தார். ஒருமுறைதான் அடித்தார். எத்தனை அடி போதும் என்று அவருக்குத் தெரியும்.

வாய்க்குள் ஏதோ உடைந்து நாக்கில் விழுந்தது. கையில் துப்பினேன். இரண்டு முன்பல், ஒன்று வேரோடு.

உடைக்கும் பக்கத்தில் சம்மட்டி நின்றது. சம்மட்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“குடும்ப விஷயம்பா. நீ வேலையப் பாரு” என்றார் கியாரண்டி.

சம்மட்டி மறுபடி விழ ஆரம்பித்தது.

அந்த இடைவெளியில் அக்கா கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டாள். அத்தான் ஸ்பேனரைத் தூக்கினார். கண்ணாடிக்கு நேராகக் கொண்டுபோனார். பிறகு இறக்கினார். அக்கா வண்டியைக் கிளப்பினாள். வண்டி ஒருமுறை உதறிவிட்டு அணைந்தது. அத்தான் சிரித்தார்.

“சரி. வெளிய வா. பாக்கலாம்.”

மறுபடி கிளப்பினாள். மறுபடி அணைந்தது.

“நான் தள்ளாம நீ எப்ப ஏறியிருக்க?”

ஸ்பேனரைச் சேற்றில் போட்டார். சட்டைக் கையை மடித்தார். வேனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். எத்தனையோ காடுகளில் நின்ற மாதிரியே நின்றார். கால்களை அகட்டி ஊன்றி, இரண்டு உள்ளங்கையையும் பின்கதவில் வைத்தார். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும் குரலில் சொன்னார்.

“கிளட்ச்ச மெதுவா விடு.”

அக்கா கிளட்சை மெதுவாகத்தான் விட்டாள். சொன்னபடியே. கியர் மட்டும் ரிவர்ஸ்.

பின்னால் வெள்ளை விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. தலையைக் குனிந்திருந்தார், விளக்கு கைக்கு மேல் இருந்தது. அவர் மனதில் அந்தப் பழைய வேன்தான் இருந்திருக்கும். சக்கரம் சுழலும், சேறு தெறிக்கும், வண்டி அசையாது. இந்த வண்டியின் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் மண்ணைக் கடித்தன. வேன் பின்கரையில் ஏறியது. அத்தானின் கைகள் முதலில் மடங்கின. பிறகு ஓடினார், பின்னோக்கி, கைகளை எடுக்காமலேயே, ஏதோ தடுத்துவிடலாம் என்பதுபோல. கரைமேல் வந்ததும் காலில் லாரி அச்சு இடித்தது. இடது பக்கம் பாய்ந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்.

அதை நான் பார்த்தேன். அவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தபோது அது எரிந்தது. நேராக நிற்கிற வண்டியாக இருந்தால் நின்றிருக்கும். இந்த வண்டி நேராக நிற்காது. இடது சக்கரங்கள் பிடித்தன, வலது சக்கரங்கள் பிடிக்கவில்லை. வேனின் பின்பாகம் இடது பக்கம் திரும்பிப் போய், அத்தானின் வலது காலை லாரி அச்சோடு சேர்த்து நசுக்கியது.

காய்ந்த கிளையைக் காலால் மிதித்து உடைக்கிற சத்தம். அவ்வளவு பெரிய மனிதரிடமிருந்து அவ்வளவு சிறிய சத்தம். அதன் பிறகுதான் அவர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

சம்மட்டி நின்றது. இந்த முறை கியாரண்டி எதுவும் சொல்லவில்லை.

அக்கா வண்டியை ஒரு சாண் முன்னால் எடுத்தாள். அத்தான் விழுந்தார். அவர் முழங்காலுக்குக் கீழே கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. எலும்பு பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ரத்தம் துடித்துத் துடித்து வந்தது.

சேற்றில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் அத்தான் என் கையைப் பிடித்தார். கத்தல் நின்றிருந்தது.

“பெல்ட்டக் கழட்டு. என்னோடதில்ல, உன்னோடது. முட்டிக்கு மேல கட்டு. இன்னும் மேல. ஸ்பேனர உள்ள விட்டு முறுக்கு. நான் கத்தினாலும் விடாத. முறுக்கு.”

முறுக்கினேன். என் வாயிலிருந்து ரத்தம் அவர் சட்டையில் சொட்டியது. எது யாருடையது என்று தெரியவில்லை. ரத்தம் துடிப்பது குறைந்தது.

“மணி பாத்துக்கோ. ஆஸ்பத்திரில கேப்பாங்க. நல்லா கட்டியிருக்க மச்சான்.”

அக்கா இறங்கி வந்தாள். நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். வாயைத் திறந்து பார்த்தாள்.

“முன்னால ரெண்டு. பக்கத்துப் பல்லு ஆடலை. எடுத்து வெச்சியா?”

சட்டைப்பையைக் காட்டினேன்.

“கழுவாத. அளவு எடுக்கணும்.”

கியாரண்டி யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தார். ஆம்புலன்ஸ் வருகிறது, கூடவே போலீஸும் வரும் என்றார். முகம் வெளுத்திருந்தது.

“வண்டி மேல எந்தக் குறையும் இல்லை. எல்லாரும் பாத்தீங்கல்ல? கோடு கிழிச்ச மாதிரி...”

“வண்டி இழுத்துச்சு” என்றார் அத்தான்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். தரையில் படுத்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. குரல் பழையபடி தாழ்ந்துவிட்டது.

“பிரேக் போட்டா, வண்டி லெஃப்ட்ல இழுத்துச்சு. ஆக்ஸிடென்ட். போலீஸ் வந்தா நானே சொல்றேன். காலு போனவன் சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. கேஸ் இல்லாம முடிச்சுடலாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நீ வீட்டுக்கு வந்துடும்மா. எனக்கும் இனிமே ஆள் வேணும்.”

அக்கா நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. வண்டி இழுத்தது. நேற்று நான் சொன்ன அதே உண்மை. அது இப்போது அவர் கையில் இருந்தது.

“அக்கா, நெஜமாவே இழுத்துச்சு” என்றேன். பல் இல்லாத வாயில் வார்த்தை சரியாக வரவில்லை. “பிரேக் லைட் எரிஞ்சத நான் பாத்தேன். நானே சொல்றேன். இவர் சொல்ல வேணாம்.”

“நீ அவ தம்பி” என்றார் அத்தான், பொறுமையாக. “நீ சொன்னா எடுபடாது. நான் சொல்லணும்.”

உடைக்கும் பக்கத்திலிருந்து சம்மட்டிக்காரர் வந்து தள்ளி நின்றார். எங்கோ தூரத்தில் சைரன் கேட்டது.

அக்கா அத்தான் பக்கத்தில் குந்தினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இழுக்கல” என்றாள்.

“என்னம்மா?”

“வண்டி இழுக்கல. நேராத்தான் வந்துச்சு. நான்தான் ஏத்தினேன்.”

“பைத்தியமாடி நீ? உள்ள போயிடுவ.”

“போறேன்.”

“எத்தனை வருஷம்னு தெரியுமா?”

“உன்கூட இருந்தத விடக் கம்மியாத்தான் இருக்கும்.”

அத்தான் என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற மாதிரி பார்த்தார். நான் ஸ்பேனரை முறுக்கியபடியே பிடித்திருந்தேன். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விடவில்லை. ஆனால் யோசித்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்கள். யார் கட்டியது என்று கேட்டார்கள். நான் என்றேன். நல்ல கட்டு என்றார்கள். அத்தானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தும்வரை அவர் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் ‘ம்மா’ போட்டு. பிறகு ‘டி’ போட்டு.

போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி கியாரண்டியிடம் பேசினார்கள். கியாரண்டி கை நீட்டி எங்களைக் காட்டினார்.

அக்கா வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நாலைந்து தாண்டி ஒரு சாம்பல் நிற வேன் முன்னால் நின்றாள். குள்ளமானது. பக்கவாட்டில் சிராய்ப்பு. ஜன்னலில் கையால் மறைத்து உள்ளே பார்த்தாள்.

“ரெண்டு பேர் படுக்கலாம். ஒருத்தி தாராளமா படுக்கலாம்.” என் பக்கம் திரும்பினாள். “டேய், அடியில பாரு.”

“அக்கா...”

“பாருடா. நேரம் இல்லை.”

மண்ணில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். எண்ணெய் வாசனை. வாயில் ரத்தம் தொண்டைக்கு இறங்கியது. விழுங்கினேன். ஷாஃப்ட் இருந்தது. கையால் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. ஜாயின்ட்டில் பழைய கிரீஸ், ஆனால் வறண்டுபோகவில்லை. சட்டத்தில் வெல்டிங் தழும்பு எதுவும் இல்லை. டயர்களைத் தடவினேன். நாலிலும் பட்டன் ஒரே அளவு. பிரேக் பைப் நாலு பக்கமும் காய்ந்து இருந்தது, கசிவு இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதையும் விடாமல் பார்த்தேன்.

அங்கிருந்து கால்கள் மட்டும்தான் தெரிந்தன. சேறு அப்பிய அக்காவின் செருப்பு. அதற்குப் பக்கத்தில் வந்து நின்ற இரண்டு ஜோடி பூட்ஸ்.

“நீங்கதான் வண்டி ஓட்டினதா?” என்றது ஒரு குரல்.

“நான்தான். ஒரு நிமிஷம் இருங்க” என்றாள் அக்கா. செருப்பு நகரவில்லை. “என்னடா? சொல்லு.”

பூட்ஸும் நகரவில்லை. அவர்களும் காத்திருந்தார்கள்.

வாயில் இருந்ததைத் துப்பினேன். இந்த முறை ஒரு வார்த்தையில் சொல்லவில்லை.

“ஷாஃப்ட் இருக்குக்கா. நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் போகுது. பிரேக் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, எதுக்கும் நான் ஓட்டிப் பாத்துடறேன். டயர் இன்னும் மூணு வருஷம் தாங்கும். சைடுல சிராய்ப்பு இருக்கு, அதக் காட்டி விலையக் குறைக்கச் சொல்லு.”